2025 பேஸ்போல் உலகத் தொடர் 7ஆவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் 5 – ரொறன்ரோ புளூ ஜேஸ் 4 (11 இன்னிங்): வேகத்தை வாங்கிப்போட்டு பேஸில கட்டி வச்சது ஏன்?

#1 · மூண்டாம்பேஸ்

எங்கட ஹொஃப்மன் போட்டு ஹோம் ரன் வாங்கின ஸ்லைடரை (வளைஞ்சு விழ வேண்டிய பந்து) பற்றியும் ஆட்டத்தை முடிச்ச கேர்க்கின்ர டபுள் பிளேயை (ஒரே அடியில ரெண்டு அவுட்) பற்றியும்தான் எல்லா இடமும் கதை. ரெண்டும் நடந்ததுதான், ரெண்டும் வலிக்குது. ஆனா ஆட்டம் எங்கட கையை விட்டுப் போனது 9ஆவது இன்னிங்கில நாங்கள் அடிச்ச நேரம். அதுவும் ஒரு பிழையான முடிவால இல்லை. ஒண்டுக்கொண்டு எதிரான ரெண்டு முடிவால.

நிலைமையை வரிசையாப் பாருங்கோ. ஸ்கோர் 4-4. டொட்ஜர்ஸுக்கு ஸ்னெல் போடுறார். எங்கட விளாடி (விளாடிமிர் குரேரோ) அவுட். பிஷெட் சிங்கிள் அடிச்சு முதல் பேஸுக்குப் போறார். எங்கட மனேஜர் ஷ்னைடர் உடன பிஷெட்டை வெளியில எடுத்துப்போட்டு கைனர்-ஃபலேஃபாவை ஓட விடுறார். பார்ஜருக்கு வோக் (நாலு பிழையான பந்து, சும்மா முதல் பேஸ்). டொட்ஜர்ஸ் யமமோட்டோவைக் கொண்டுவருது, அவற்ற பந்து கேர்க்கில படுது, அதுக்கும் முதல் பேஸ். மூண்டு பேஸும் நிறைஞ்சு ஒரு அவுட். மூண்டாம் பேஸில நிக்கிற கைனர்-ஃபலேஃபா பிளேட்டைத் தொட்டால் 1993க்குப் பிறகு கோப்பை ரொறன்ரோவுக்கு.

வார்ஷோ நிலத்தோட ரெண்டாம் பேஸ் பக்கம் அடிக்கிறார். டொட்ஜர்ஸின்ர ரோஹாஸ் தடுமாறி எடுத்து ஹோமுக்கு எறியிறார். கைனர்-ஃபலேஃபா சறுக்கி வாறார். கட்சர் வில் ஸ்மித்தின்ர கால் பிளேட்டில இருந்து எழும்பி திரும்பப் படுது. ரீப்ளே பாத்தும் அவுட். ஒரு சப்பாத்து நீளம்கூட வித்தியாசம் இல்லை.

இப்ப என்ர கேள்வி. வேகம் வேணும் எண்டு நாலாம் இடத்து பட்டரைக் குடுத்தவை. பிறகு அந்த வேகத்தை மூண்டாம் பேஸோட ஒட்டி நிக்கச் சொன்னவை. கைனர்-ஃபலேஃபாவே ஆட்டம் முடிஞ்ச பிறகு சொன்னவர், கிட்ட நிக்கச் சொன்னது என்று. ஒட்டித்தான் நிக்கிறதெண்டால் பிஷெட்டை ஏன் எடுத்தனீங்கள்?

#2 · கணக்கேடு

அண்ணை, பிஷெட்டை எடுத்ததில் பிழை காண முடியாது. செப்டெம்பர் 6ஆம் திகதி நியூயோர்க்கில் ஹோம் பிளேட்டில் மோதியதிலிருந்து அவருடைய இடது முழங்கால் சரியில்லை. உலகத் தொடர் தொடங்கும்வரை ஒரு ஆட்டமும் ஆடவில்லை. பட் பிடிக்கக் கூடியவராக இருந்தார், ஓடக் கூடியவராக இருக்கவில்லை. 3ஆவது இன்னிங்கில் ஓட்டானியின் பந்தை மூன்று ரன்னுக்கு அடித்தபோது பேஸைச் சுற்றி மெதுவாக வர முடிந்தது, அது ஹோம் ரன். 9ஆவது இன்னிங்கில் முதல் பேஸில் அவர் நின்றால் என்ன ஆகும்? டபுள் அடித்தாலும் மூன்றாம் பேஸ்தான். ரெண்டாம் பேஸுக்குப் போன பிறகு சிங்கிள் அடித்தாலும் ஹோமுக்கு அனுப்பப் பயம்.

வார்ஷோவின் அதே பந்துக்குப் பிஷெட் மூன்றாம் பேஸில் நின்றிருந்தால் வித்தியாசம் சப்பாத்து நீளம் அல்ல, அரை வழி. ரோஹாஸ் தடுமாறி எழும்பி நிதானமாக எறிந்திருப்பார். கைனர்-ஃபலேஃபா நின்றதால்தான் அது நெருக்கமான ஆட்டமாகவே ஆனது.

#3 · புல்பென்_கதவு

கணக்கேடு சொல்லுறது சரி, ஆனா பாதிதான். பின்ச் ரன்னர் (பேஸில நிக்கிறவருக்குப் பதிலா ஓடுறவர்) விடேக்கை ரெண்டு விலை குடுக்கிறீங்கள். ஒண்டு இப்ப தெரியிறது: பட்டர் போயிட்டார், திரும்பி வரேலாது. மற்றது பிறகு தெரியும்: அவற்ற இடம் திரும்பச் சுத்தி வரேக்கை ஆர் நிக்கப்போறார்? அண்டைக்கு அது 11ஆவது இன்னிங்கில வந்திது. விளாடி முதலாவதா வந்து லெஃப்ட் ஃபீல்ட் மூலைக்கு டபுள் அடிச்சிட்டு ரெண்டாம் பேஸில நிக்கிறார். வில் ஸ்மித் அடிச்ச ஹோம் ரன்னால ஒரு ரன் பின்னுக்கு நிக்கிறம், அவுட் இல்லை. அடுத்து வரவேண்டியது பிஷெட். வந்தது கைனர்-ஃபலேஃபா, அவர் பண்ட் போட்டார் (பட்டைச் சுழட்டாமல் பந்தை மெல்லத் தட்டி, தான் அவுட்டாகி விளாடியை மூண்டாம் பேஸுக்கு அனுப்பினார்).

எண்டபடியால் பின்ச் ரன்னையும் பண்டையும் தனித்தனியா வச்சுக் கதைக்கேலாது. ஒரே முடிவின்ர முன்பக்கமும் பின்பக்கமும் அது.

#4 · மூண்டாம்பேஸ்

அதைத்தான் நானும் சொல்லுறன். பிஷெட்டை எடுத்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை. எடுத்தால் அந்தக் காசுக்குப் பொருள் வாங்க வேணும் எண்டுறன்.

மூண்டாம் பேஸில லீட் எடுக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். பிட்சர் பந்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை எடுக்கிற தூரம் முதல் லீட். பந்து கையை விட்டுப் போகேக்கை ஹோம் பக்கம் ரெண்டு மூண்டு அடி எடுத்து வைப்பினம், அது ரெண்டாவது லீட். கோட்டுக்கு வெளியில, ஃபவுல் பக்கமாத்தான் நடக்க வேணும். உள்ளுக்கு நிண்டு அடிச்ச பந்து உடம்பில பட்டால் நேரா அவுட். பந்து பட்டருக்குக் கிட்டப் போகேக்கை வலது கால் நிலத்தில படுற மாதிரி அளந்து நடக்கோணும், அப்பதான் நிலத்தோட அடிச்சதைக் கண்ட உடன அதே காலால உந்திப் போகலாம். இது கொஞ்சம் பிந்தினால் பந்து பட்டில படேக்கை கால் ஆகாயத்தில இருக்கும். அரை அடி அங்கேயே போயிடும்.

நல்லா ஓடுறவர் ஒரு செக்கனுக்கு 27, 28 அடி ஓடுவார். ஒரு அடி கூட லீட் எடுத்தால் செக்கனில நூறில மூண்டு நாலு பங்கு மிச்சம். ஒரு எட்டு, அதாவது மூண்டடி எடுத்தால் பத்தில ஒரு பங்கு. அண்டைக்குத் தேவைப்பட்டது அந்த மூண்டடிகூட இல்லை. ரோஹாஸ் முன்னுக்கு வந்து நிண்டவர், எறிய வேண்டிய தூரம் குறைவு, தடுமாறினவர், எறிஞ்சது கொஞ்சம் உயரம். அப்பிடி இருந்தும் முந்திட்டார்.

#5 · வடக்கு_மாடம்

லீட் குறைச்சதுக்குக் காரணம் முதல்நாள் ராத்திரி. ஒக்டோபர் 31, 6ஆவது ஆட்டம் முடிஞ்ச விதத்தை நினைச்சுப் பாருங்கோ. 3-1 பின்னுக்கு, ரெண்டாம் மூண்டாம் பேஸில ஆக்கள், ஹிமெனெஸ் லெஃப்ட் பக்கம் பதிவா ஒரு லைன் ட்ரைவ் (நிலத்தில படாமல் நேராப் பறக்கிற அடி). கீகே ஹெர்னாண்டெஸ் ஓடிவந்து பிடிச்சு உடன ரெண்டாம் பேஸுக்கு எறிஞ்சார். பார்ஜர் பேஸுக்குத் திரும்பாமல் வெளியில நிண்டிட்டார். டபுள் பிளே, ஆட்டம் முடிஞ்சுது. அடுத்த நாள் எந்தப் பயிற்சியாளரும் “லைன் ட்ரைவுக்குக் கவனம், திரும்பி வர ஏலுமான இடத்தில நில்லுங்கோ” எண்டுதான் சொல்லுவார்.

#6 · கணக்கேடு

ஆனால் இரண்டு நிலைமையும் ஒன்றல்ல. 6ஆவது ஆட்டத்தில் இரண்டு ரன் பின்னுக்கு. பார்ஜர்தான் சமநிலை ரன். 7ஆவது ஆட்டத்தில் ஸ்கோர் சமன். மூன்றாம் பேஸில் நிற்பவர் ஒருவர் மட்டுமே கணக்கு, மற்ற இருவரும் கணக்கிலேயே இல்லை. லைன் ட்ரைவில் அவர் மாட்டினால் என்ன நட்டம்? இன்னிங் முடியும், 4-4 என்று 10ஆவது இன்னிங் தொடங்கும். ஆட்டம் தோற்காது. நிலத்தோடு அடித்த பந்தில் அவர் ஒரு அடி முந்தினால் என்ன லாபம்? உலகத் தொடர். லாபமும் நட்டமும் ஒரே அளவில் இல்லாத இடத்தில் நட்டத்தை மட்டும் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்று, போட்டது யமமோட்டோ. ஸ்ப்ளிட்டர் அவருடைய முக்கியமான பந்து. அது கீழே விழும் பந்து, பட் பட்டால் பெரும்பாலும் நிலத்தோடுதான் போகும். அவர் வந்த நிமிடமே லைன் ட்ரைவை விட நிலத்தோடு போகும் பந்துக்குத்தான் ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும்.

#7 · மிசிசாகா_மணி

அண்ணா, ஒரு சந்தேகம். கைனர்-ஃபலேஃபாவை ஸ்மித் தொடவே இல்லையே? பந்தைக் கையில வச்சுக்கிட்டு பிளேட்ல கால் வச்சா போதுமா? ஓடி வர்றவரைத் தொட வேண்டாமா? இன்னொன்னு, அவர் ஏன் சறுக்கணும்? முதல் பேஸ்ல ஓடுற மாதிரி நேரா ஓடித் தாண்டியிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம்னு தோணுது.

#8 · மூண்டாம்பேஸ்

மணி தம்பி, மூண்டு பேஸும் நிறைஞ்சு நிக்கிறபடியால் பட்டர் ஓடத் தொடங்கின உடன எல்லாரும் ஒரு பேஸ் முன்னுக்குப் போகத்தான் வேணும், பின்னுக்கு நிக்க இடமில்லை. அதுக்குத்தான் ஃபோர்ஸ் எண்டு பேர். ஃபோர்ஸ் இருக்கேக்கை ஆளைத் தொடத் தேவையில்லை, பந்தோட பேஸைத் தொட்டால் போதும். கிரிக்கெட்டில ரன் அவுட்டுக்கு ஸ்டம்பைத் தட்டினால் போதும்தானே, ஆளைத் தொடுறேல்லையே. அப்பிடித்தான். முதல் பேஸ் காலியா இருந்து மூண்டாம் பேஸில மட்டும் ஆள் நிண்டிருந்தால் ஸ்மித் தொட்டுத்தான் ஆகவேணும், அப்ப சறுக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு.

சறுக்கினது சரியோ எண்டது நல்ல கேள்வி. காலை முன்னுக்கு விட்டுச் சறுக்கேக்கை நிலத்தில உரசி வேகம் குறையும். முதல் பேஸுக்கு ஓடுறவரை நேரா ஓடித் தாண்டு எண்டு சின்ன வயசிலயே சொல்லிக் குடுக்கிறது அதுக்காகத்தான். ஹோமில ஃபோர்ஸ் எண்டால் அதே கணக்குத்தான், தாண்டி ஓடினாலும் பிரச்சினை இல்லை. ஆனா ரெண்டு சிக்கல். ஒண்டு, பிளேட் நிலத்தோட தட்டையா இருக்கிற றப்பர், கட்சர் அதில கால் வச்சு நீட்டிக்கொண்டு நிப்பார், முழு வேகத்தில சரியா மிதிக்கிறது லேசில்லை. மற்றது, 2014க்குப் பிறகு கட்சரில மோதக்கூடாது எண்ட விதி இருக்கிறபடியால் ஓட்டக்காரருக்குப் பிளேட்டுக்குக் கிட்ட வரேக்கை சறுக்கிறதே பழகிப்போச்சு. பழக்கத்தை அந்த நிமிசத்தில மாத்தேலாது. முன்கூட்டியே “ஃபோர்ஸ், நேரா ஓடு” எண்டு மூண்டாம் பேஸ் பயிற்சியாளர் காதில சொல்லி வச்சிருந்தால் மாத்தலாம்.

#9 · புல்பென்_கதவு

10ஆவது இன்னிங்கை மறந்திட்டீங்கள். அதே ஆட்டம் மறுபக்கம் நடந்தது. எங்கட டொமிங்கெஸ் போடுறார், பெட்ஸுக்கு வோக், மன்சி சிங்கிள், டெயோஸ்கார் ஹெர்னாண்டெஸுக்கு வோக். மூண்டு பேஸும் நிறைஞ்சு ஒரு அவுட். பஹெஸ் ஷோர்ட்ஸ்டொப்புக்கு (ரெண்டாம் மூண்டாம் பேஸுக்கு நடுவில நிக்கிறவர்) அடிச்சார். ஹிமெனெஸ் எடுத்து கேர்க்குக்கு எறிஞ்சார், பெட்ஸ் ஃபோர்ஸ் அவுட். அடுத்தது கீகே முதல் பேஸ் பக்கம் அடிக்க விளாடி எடுத்துக் குடுத்தார், டொமிங்கெஸ் ஓடிவந்து பேஸை மிதிச்சார். ரன் இல்லை.

எங்கட இன்ஃபீல்ட் (பேஸுகளுக்குக் கிட்ட நிக்கிற ஃபீல்டர்மார்) இந்தத் தொடர் முழுக்க அப்பிடித்தான் ஆடினது. 4ஆவது இன்னிங்கில எட்மனின்ர லைன் ட்ரைவை விளாடி பாய்ஞ்சு பிடிச்சு இன்னிங்கை முடிச்சதும் அந்த வகைதான். களத்தில கையாலயும் காலாலயும் செய்ய வேண்டியதைப் பொடியள் செய்தவை. நான் குறை சொல்லுறது டகவுட்டில இருந்து வந்த முடிவுகளைத்தான்.

#10 · வடக்கு_மாடம்

சரி, ஹொஃப்மனுக்கு வருவம். 9ஆவது இன்னிங், 4-3 முன்னுக்கு, ஒரு அவுட், ரோஹாஸ். ஒன்பதாம் இடத்து பட்டர். இன்னும் ரெண்டு அவுட் எடுத்தால் முடிஞ்சுது. இவரையே ஹோம் ரன் அடிக்க விட்டால் பிட்சரை மாத்தாமல் விட்டது பிழைதானே?

#11 · புல்பென்_கதவு

இல்லை அண்ணை. அங்க ஷ்னைடரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ராத்திரி போட்ட வரிசையைப் பாருங்கோ: 41 வயசு ஷெர்சர் 4 1/3 இன்னிங், ஒரு ரன் மட்டும். பிறகு வார்லண்ட், பாசிட், யெசாவேஜ், ஹொஃப்மன். யெசாவேஜ் ஒக்டோபர் 29, 5ஆவது ஆட்டத்தில 7 இன்னிங் போட்டு 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினவர், ரெண்டே நாள் ஓய்வில திரும்ப வந்தவர். 8ஆவது இன்னிங்கில மன்சி அவரை ஹோம் ரன் அடிச்சதோட அதே இன்னிங்கிலயே ஹொஃப்மனைக் கொண்டுவந்தவை. குளோசர் (கடைசி அவுட்டுகளை எடுக்க வாறவர்) அவர்தான். 7ஆவது ஆட்டத்தில குளோசரை முந்திக் கொண்டாறதில பிழை இல்லை.

பிழை பந்தில. கவுண்ட் 3-2 (மூண்டு பிழையான பந்து, ரெண்டு ஸ்ட்ரைக்). அடுத்து வட்டத்துக்குள்ள நிண்டு பட் சுழட்டுறது ஓட்டானி. வோக் குடுத்தால் சமநிலை ரன் முதல் பேஸில, பட்டில ஓட்டானி. ஆனபடியால் ஸ்ட்ரைக் போடத்தான் வேணும். அப்ப தெரிவு ரெண்டு: உயரத்தில வேகப்பந்து, இல்லாட்டி பதிவா வெளிமூலையில ஸ்லைடர். ஸ்லைடரைத் தெரிஞ்சவர், அது விழாமல் உள்பக்கம் மேல தங்கிட்டுது. விழாத ஸ்லைடர் எண்டது வேகம் குறைஞ்ச நேர் பந்து, பெரிய அடிகாரர் இல்லாதவரும் லெஃப்ட் பக்கம் இழுத்து அடிக்கலாம். களைச்ச கையில முதல் போறது பந்தை முன்னுக்கு வச்சு விடுற அந்தக் கடைசி மணிக்கட்டு இழுப்புத்தான். 11ஆவது இன்னிங்கில ரெண்டு அவுட்டுக்குப் பிறகு எங்கட பீபர் வில் ஸ்மித்துக்குப் போட்டு ஹோம் ரன் வாங்கினதும் ஸ்லைடர்தான், கவுண்ட் 2-0. மூண்டு நாள் ஓய்வில வந்தவர். பின்னுக்கு நிக்கிற கவுண்டில ஸ்ட்ரைக்குக்குள்ள போட வேண்டிய ஸ்லைடர் எப்பவும் ஆபத்து.

#12 · கணக்கேடு

பண்டின் கணக்குக்கு வருகிறேன், அதை யாரும் எண்ணில் சொல்லவில்லை.

லீக்கின் பொதுச் சராசரிப்படி, ரெண்டாம் பேஸில் ஆள், அவுட் இல்லை என்றால் அந்த இன்னிங்கில் குறைந்தது ஒரு ரன் வருவதற்கு ஏறத்தாழ 61 சதவீதம். மூன்றாம் பேஸில் ஆள், ஒரு அவுட் என்றால் ஏறத்தாழ 66. ஐந்து சதவீதம் கூடுகிறது. இதைப் பார்த்துத்தான் பண்ட் சரி என்கிறார்கள்.

ஆனால் பண்ட் ஒவ்வொரு முறையும் சரியாக விழாது. ஃபவுல் போய் ஸ்ட்ரைக் ஏறும், மேலே எழும்பிப் பிடிபடும், பிட்சர் நேராக எடுத்து மூன்றாம் பேஸில் பிடிப்பார். சரியாக விழாமல் ஒரு அவுட்டோடு விளாடி ரெண்டாம் பேஸிலேயே நின்றால் அந்த எண் 40 அளவுக்கு விழும். ஐந்தில் நாலு முறை பண்ட் பலிக்கும் என்று வைப்போம். 66இல் ஐந்தில் நாலு பங்கு ஏறத்தாழ 53, 40இல் ஐந்தில் ஒரு பங்கு 8. கூட்டினால் 61. அதாவது பண்ட் போடாமல் நின்ற இடத்துக்கே வந்து சேர்கிறோம். பத்துக்கு ஒன்பது முறை பலிக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் லாபம் என்று சொல்லலாம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. 61, 66 என்பவை ஒரு ரன்னுக்கான எண்கள். ஒரு ரன் வந்தால் சமன், வெற்றி அல்ல. சமனானால் 12ஆவது இன்னிங்கை பீபரோடும் மிச்சமிருப்பவர்களோடும் ஆட வேண்டும். இரண்டு ரன் எடுத்தால்தான் அங்கேயே முடியும். சராசரி ரன் என்று பார்த்தால் பண்டுக்கு முன் 1.1, பண்டுக்குப் பின் 0.95. பெரிய இன்னிங் வரும் வாய்ப்பை விற்று சமநிலை வாய்ப்பை வாங்குகிறோம். சொந்தக் களத்தில் கடைசியாக அடிப்பவர்கள் சமனுக்கு ஆடலாம் என்பது பழைய வழக்கம். அதுகூட எதிரணியின் பிட்சர் யார் என்பதைப் பொறுத்தது.

#13 · வடக்கு_மாடம்

எதிரணியின்ர பிட்சர் யமமோட்டோ எண்டதாலதான் பண்ட் சரி எண்டு நான் சொல்லுவன். சராசரி பிட்சருக்கு எதிரா 61 எண்டால் அவருக்கு எதிரா 61 வராது. முதல்நாள் 96 பந்து போட்டவர், ஓய்வே இல்லாமல் வந்து 10ஆவது இன்னிங்கில மூண்டு பேரையும் வரிசையா அனுப்பினவர். அவற்ற ஸ்ப்ளிட்டரை கைனர்-ஃபலேஃபா மாதிரி ஒருத்தர் ரைட் பக்கம் தள்ளி அடிச்சு விளாடியைக் கொண்டுபோறது, இல்லாட்டி சிங்கிள் அடிக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு யோசியுங்கோ. அவர் அவுட்டாகி விளாடி ரெண்டாம் பேஸிலயே நிண்டிருந்தால் இதே இழையில “ஏன் பண்ட் போடேல்லை” எண்டு எழுதியிருப்பம். பண்டும் சரியாத்தான் விழுந்தது, விளாடி மூண்டாம் பேஸுக்குப் போயிட்டார். உயரத் தூக்கின ஃப்ளை ஒண்டு ஆழமாப் போயிருந்தால் சமன்.

#14 · மூண்டாம்பேஸ்

வடக்கு அண்ணை, அது கைனர்-ஃபலேஃபா நிண்டால் வாற கணக்கு. பிஷெட் நிண்டிருந்தால் ஆரும் பண்ட் கேட்டிருக்க மாட்டினம். ஓட ஏலாத பிஷெட்டும் அந்த இடத்தில அடிக்கலாம். ரெண்டாம் பேஸில விளாடி, முன்னுக்கு பிஷெட், பிறகு பார்ஜர், பிறகு கேர்க். அந்த நாலு பேரும்தான் இந்த அணியின்ர நடு. அதில ஒண்டை 9ஆவது இன்னிங்கில கழட்டினவை, பேந்து 11ஆவது இன்னிங்கில அந்த ஓட்டையில ஒரு அவுட்டைச் சும்மா குடுத்தவை.

#15 · மிசிசாகா_மணி

பிட்சரை எடுக்கிறது, பட்டரை எடுக்கிறதுன்னு பேசும்போது ஒண்ணு கவனிச்சீங்களா? 9ஆவது இன்னிங்கில நமக்குப் போட்ட ஸ்னெல்தான் 2020 உலகத் தொடர் 6ஆவது ஆட்டத்தில டாம்பா பே ரேஸுக்காகப் போட்டுக்கிட்டிருந்தவர். 73 பந்து, 9 ஸ்ட்ரைக் அவுட், ரெண்டே ஹிட். ரேஸ் மனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்துட்டு நிக் ஆண்டர்சனைக் கொண்டு வந்தார், அதே இன்னிங்கில ரெண்டு ரன் போச்சு, 3-1ன்னு தோத்தாங்க. அன்னிக்கு எதிரணி டக்அவுட்டில இருந்தவர் இதே டொட்ஜர்ஸ் மனேஜர் டேவ் ரொபர்ட்ஸ்.

#16 · கணக்கேடு

ஆம். கேஷ் அன்றைக்குச் செய்தது மூன்றாம் முறை பட்டர்கள் ஒரே பிட்சரைப் பார்க்கக் கூடாது என்ற கணக்கின்படி. கணக்கு சரி. அந்தக் கணக்கு யாரைக் கொண்டுவருகிறது என்பதைப் பார்க்கவில்லை. ஆண்டர்சன் அதற்கு முன் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ரன் குடுத்தவர். ஒருவரை வெளியே எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இவர் களைத்துவிட்டாரா என்பது மட்டும் அல்ல, உள்ளே வருபவர் எவ்வளவு நல்லவர் என்பதும்தான். பிஷெட் விஷயத்திலும் அதேதான். ஓட்டத்தில் கிடைத்த லாபத்தை 11ஆவது இன்னிங்கின் பட்டோடு சேர்த்து எடை போட வேண்டும்.

ரொபர்ட்ஸ் 9ஆவது இன்னிங்கில் செய்ததையும் சொல்ல வேண்டும். மூன்று பேஸும் நிறைந்த நேரம் எட்மனை எடுத்து பஹெஸை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பினார், கை வலு உள்ளவர் என்பதற்காக. வார்ஷோவுக்குப் பிறகு ரெண்டு அவுட்டோடு கிளெமென்ட் லெஃப்ட்-சென்டர் பக்கம் தூக்கி அடித்த பந்தை அதே பஹெஸ் நெடுந்தூரம் ஓடி, கீகே மேல் மோதி, பிடித்தார். கைக்காக அனுப்பினார், காலுக்காகப் பலன் கிடைத்தது. 2025 பிளேஓஃபில் மட்டும் 30 ஹிட் அடித்து வரலாற்றுக் கணக்கை எழுதிய கிளெமென்ட்டின் பந்து அது.

#17 · புல்பென்_கதவு

கடைசி டபுள் பிளேயைப் பற்றி ஒருத்தரும் சரியாச் சொல்லேல்லை. பண்டுக்குப் பிறகு முதல் பேஸ் காலி. அப்ப யமமோட்டோவுக்குப் பார்ஜரை நேரா எதிர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியில வெளியில போட்டார், வோக். வெற்றி ரன்னை முதல் பேஸில வைக்கிறது பயம்தான், ஆனா அதோட டபுள் பிளேக்கு வழி திறக்குது. அடுத்து வாறது கேர்க், லீக்கிலயே மெதுவா ஓடுற ஆக்களில ஒருத்தர். யமமோட்டோவின்ர கையில உள்ளது பந்தைக் கீழ இழுக்கிற ஸ்ப்ளிட்டர். பண்ட் குடுத்த அவுட்டோட டபுள் பிளேயும் பண்டின்ர பின்விளைவுதான்.

ஷ்னைடருக்கு அதில மூண்டு வழி இருந்திது. ஒண்டு, கேர்க்கை அடிக்க விட்டு இருந்த இடத்தில இருக்கிறது. அதைத்தான் செய்தார். கேர்க் பந்தை நல்லாத் தொடுறவர், ஃப்ளை தூக்கக் கூடியவர், நியாயமான தெரிவு. ரெண்டாவது, பதிவா பண்ட் போட்டு விளாடியை ஓட விடுறது. கேர்க்கை வச்சு அதை நானும் கேக்கமாட்டன். மூண்டாவது, பார்ஜரைப் பந்தோட ஓட விடுறது. அதுக்கு ஒரு கெட்ட முடிவு இருக்கு: கேர்க் ஸ்ட்ரைக் அவுட்டாகி ஸ்மித் ரெண்டாம் பேஸுக்கு எறிஞ்சு பார்ஜரையும் பிடிச்சால் ஆட்டம் முடிஞ்சுது. ஆனா கேர்க் பந்தைத் தவற விடுறது குறைவு. நிலத்தோட அடிச்சால் ரெண்டாம் பேஸில ஃபோர்ஸ் எடுக்க நேரமில்லை, ஷோர்ட்ஸ்டொப் பெட்ஸ் முதல் பேஸுக்குத்தான் எறிய வேணும், விளாடி உள்ளுக்கு வந்திடுவார், 5-5, ரெண்டாம் பேஸில வெற்றி ரன்.

என்ர தெரிவு மூண்டாவது. டபுள் பிளேதான் அங்க ஒரே பெரிய ஆபத்து, அதை ஓட்டத்தால உடைக்கலாம்.

#18 · வடக்கு_மாடம்

அதில லைன் ட்ரைவை மறந்திட்டீங்கள். ஓடிக்கொண்டிருக்கிற பார்ஜர் லைன் ட்ரைவில திரும்பி வரேலாது. முதல்நாள் மாட்டினதும் அவர்தான். ரெண்டு நாள் அடுத்தடுத்து ஒரே ஆள் ஒரே விதமா மாட்டி உலகத் தொடர் முடிஞ்சிருந்தால் ஷ்னைடர் இந்த ஊரில தலை காட்டேலாது. அது சரியான காரணம் இல்லைத்தான், ஆனா மனிசர் அந்த இடத்தில அதை யோசிக்காமல் இருக்கமாட்டினம்.

#19 · மூண்டாம்பேஸ்

அந்த யோசினைதான் 9ஆவது இன்னிங்கிலயும் கைனர்-ஃபலேஃபாவைப் பேஸோட கட்டி வச்சது. ஒரு ராத்திரி நடந்த ஒரு டபுள் பிளே அடுத்த ராத்திரி ரெண்டு முடிவைத் தீர்மானிச்சிருக்கு.

ஃபுளோரிடா டனீடினில வசந்தகாலப் பயிற்சி தொடங்கேக்கை நான் பாக்க விரும்புறது ஒரு சின்ன விஷயம். மூண்டு பேஸும் நிறைச்சு, இன்ஃபீல்டை முன்னுக்கு நிப்பாட்டி, மூண்டாம் பேஸில ஓடக்கூடியவரை விட்டு, ஒவ்வொரு நாளும் இருபது பந்து நிலத்தோட அடிக்கச் சொல்லோணும். ரெண்டாவது லீட் எவ்வளவு, வலது கால் எப்ப படுது, பிளேட்டைச் சறுக்கித் தொடுறதோ மிதிச்சுத் தாண்டுறதோ எது எத்தினை செக்கன், எல்லாம் கடிகாரத்தில அளந்து எழுதி வைக்கோணும்.

#20 · மிசிசாகா_மணி

கடைசியா ஒண்ணு. கேர்க் பட் உடைஞ்சு உருண்ட பந்து பெட்ஸ்கிட்ட போனப்ப விளாடி மூணாம் பேஸ்ல இருந்து ஓடி ஹோமைத் தொட்டிருந்தா, கேர்க் அவுட்டாகறதுக்கு முன்னாடி தொட்டிருந்தா, அந்த ரன் செல்லுமா?

#21 · கணக்கேடு

செல்லாது, மணி. மூன்றாவது அவுட் பட்டர் முதல் பேஸுக்குப் போகுமுன் எடுக்கப்பட்டால், அதற்கு முன் எவர் ஹோமைத் தொட்டிருந்தாலும் ரன் எண்ணப்படாது. விளாடி எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் பயனில்லை. அந்த ரன்னைக் காப்பாற்றக் கூடியவர் ஒருவர்தான்: முதல் பேஸை நோக்கி ஓடிய கேர்க். பெட்ஸ் தானே ரெண்டாம் பேஸை மிதித்து ஃபிரீமனுக்கு எறிந்தபோது கேர்க் இன்னும் பல எட்டு பின்னால்.